மூணாம் அடுப்பு டாக்டரம்மா

அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனில் யாராவது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அடுப்புக்கு டாக்டர். வரிசையாக நிற்கும் பெரிய கேஸ் அடுப்புகளின் பர்னர்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டை ஓட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஈரம் போகக் காயவைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். ஈரத்தோடு பூட்டினால் பர்னர் தும்மும். பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சி ஒரு ஓட்டையில் ஒட்டியிருந்தாலும் தீ ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எரியும்.

வந்த புதிதில் அவள் பாத்திரம் தேய்க்கத்தான் வந்தாள். ஒரு நாள் மூணாம் அடுப்பு மஞ்சளாக எரிந்து அண்டாவின் அடியெல்லாம் கரியாகிவிட்டது. தலைமைச் சமையல்காரரை அங்கே மாஸ்டர் என்பார்கள். அவர் அடுப்பையும் அடுப்பைச் செய்தவனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். இவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய், பர்னரைக் கழற்றி, கேஸ் பீய்ச்சி வருகிற பித்தளை ஜெட்டின் கண்ணில் தன் உடையில் குத்தியிருந்த ஊக்கை விட்டுக் குடைந்தாள். அடைப்பு போய் அடுப்பு நீலமாக எரிந்தது. மாஸ்டர் அவளைக் கைராசிக்காரி என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

பித்தளை மெத்தென்ற சாமான், ஊக்கு இரும்பு. அடைக்கும்போதெல்லாம் குத்தக் குத்த ஜெட்டின் கண் பெரிதானது, கேஸ் வேண்டியதைவிட அதிகமாகப் பீய்ச்சியது. இது அவளுக்குப் புரிந்தபோது காரியம் கை மீறியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தாள். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, காற்று போகிற வாயிலுள்ள சின்னத் தட்டை நகக்கண் அளவு நகர்த்தி, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சீறினால் காற்று அதிகம், முனகினால் கேஸ் அதிகம். இரண்டும் இல்லாமல் மூச்சு விடுகிற சத்தம் வரும்போது தட்டை நிறுத்த வேண்டும். வேறு யார் தொட்டாலும் மூணாம் அடுப்பு முரண்டு பிடிக்கும். அதைப் பார்த்து எல்லோரும் அவள் திறமையை மெச்சினார்கள். தான் கெடுத்ததைத் தானே மூடி மறைத்துப் பெயர் வாங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் டாக்டரம்மா என்று கூப்பிடும்போது உள்ளே குளிரத்தான் செய்தது. யாருக்குத்தான் குளிராது.

இப்போது அவளுடைய தங்கை தையல் கடை வைத்திருந்தாள். போன வாரம் போனில் பேசினாள்.

"அக்கா, உனக்குன்னு ஒரு மிஷின் ஜன்னலோரமா போட்டிருக்கேன். இந்த மாசத்துக்குள்ள வந்துடு. இல்லன்னா என் நாத்தனார் வந்து உக்காந்துடுவா. அப்புறம் அவள எழுப்ப என்னால முடியாது."

ஜன்னலோரம் என்ற சொல் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. சமையற்கட்டில் ஜன்னல் என்று இருந்தது ஒன்றுதான், அதிலும் புகைபோக்கி விசிறியை வைத்து அடைத்திருந்தார்கள். அவள் குடியிருந்த அறையோ சமையற்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், கேன்டீன் முதலாளி கொடுத்தது. அவள் கணவர் அதே வளாகத்தில் வாட்ச்மேன், அந்த வேலையும் முதலாளி போட்டுக் கொடுத்தது. கோபித்துக்கொண்டு போனால் கணவருக்கு வேலையும் இருக்காது, கூரையும் இருக்காது. முதலாளி சம்மதித்து அனுப்பினால்தான் உண்டு. கேட்டுப் பார்த்தாள்.

"போயேம்மா, நான் என்ன உன் காலையா கட்டி வச்சிருக்கேன்?" என்றார் முதலாளி. "ஒரு ஆளப் பழக்கி விட்டுட்டுத் தாராளமா போ."

"ஜெட்ட மாத்திட்டா யார் வேணா பத்த வைக்கலாம் சார்."

"நல்லா எரியறத எதுக்கு மாத்தணும்?"

பாத்திரம் தேய்க்கிறவரைப் பழக்கினாள். அவர் பற்றவைத்ததும் அடுப்பு டப்பென்று வெடித்ததில், அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். காய் நறுக்குகிற அம்மாவுக்குக் காது மந்தம். முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, "பாத்தியா, உன் அருமை உனக்கே தெரியல" என்றார். பாராட்டைக் கேட்டு அழுகை வந்தது அவளுக்கு அன்றுதான்.

அதன் பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஒரு மாலை பர்னரைக் கழுவிப் பூட்டியபோது காற்றுத் தட்டை வேண்டுமென்றே முழுசாகத் திறந்துவிட்டாள். தீ நிற்காது. நாமும் காய்ச்சல் என்று படுத்துவிடலாம். ஒரு வேளைச் சோறு தாமதமானால் முதலாளி தானாகப் புது ஜெட் வாங்குவார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

காலையில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள். நடுவில் செங்கல் சுவர் இருந்தாலும் காது சும்மா இருக்குமா. முதல் அடுப்பு பற்றியது, இரண்டாவது பற்றியது. மூணாவதின் வால்வைத் திறக்கிற கிறீச் சத்தம். மாஸ்டர் எதையும் கொஞ்சமாகத் திறக்கத் தெரியாதவர். லைட்டர் சொடுக்கியது, தீ எழுந்து அணைந்தது. மறுபடி சொடுக்கியது. வால்வை மூடுகிற சத்தம் மட்டும் வரவில்லை. கேஸ் சீறிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். முகத்தை அடுப்புக்குள் விடாத குறையாகக் குனிந்து பார்ப்பார். இதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். வாசலில் நின்ற கணவர், "காய்ச்சல்னு சொன்னியே" என்று கேட்க, அவரை விலக்கிக்கொண்டு நுழைந்தாள். உள்ளே மாஸ்டர் குனிந்துகொண்டிருந்தார், லைட்டர் கையில். அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். மெயின் வால்வை மூடினாள். எரிந்த மற்ற அடுப்புகளும் அணைந்தன. கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, "யாரும் எதையும் கொளுத்தாதீங்க, சுவிட்சத் தொடாதீங்க" என்றாள்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தபடி புருவத்தைத் தடவிப் பார்த்தார். அது இருந்தது. "என் உயிரக் காப்பாத்தின தெய்வம்மா நீ" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளி வந்தார். நடந்ததை ஆளாளுக்குச் சொன்னார்கள். காய்ச்சலோடு எழுந்து ஓடி வந்தாள் என்பதைக் கணவரே பெருமையாகச் சொன்னார். அவளுக்குத் தாங்கவில்லை.

"சார், தட்டத் திறந்து விட்டதே நான்தான். அந்த ஜெட்டக் கெடுத்ததும் நான்தான். வந்த புதுசுல ஊக்கு விட்டுக் குத்திக் குத்திக் கண்ணப் பெருசாக்கிட்டேன். எனக்குக் காய்ச்சலும் இல்ல. என்னப் போக விடுங்க."

மாஸ்டர் புருவத்திலிருந்து கையை எடுத்தார். துரத்தினால் துரத்தட்டும், அறை போனால் போகட்டும் என்று அவள் தலை குனிந்து நின்றாள். நெஞ்சு லேசான மாதிரிகூட இருந்தது.

முதலாளி கோபப்படவில்லை.

"நீ கெடுத்ததா?" என்றார். "அப்ப சரி. அத எப்படிச் சமாளிக்கணும்னு உனக்கு மட்டும்தான தெரியும். நீயே பாத்துக்கோ. பன்னண்டு மணிக்கு ஆளுங்க சாப்பிட வருவாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் கலைந்தார்கள். கணவர் அவள் செருப்பைக் கொண்டுவந்து கால் பக்கத்தில் வைத்து, அவள் போனையும் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

போன் அடித்தது. தங்கை.

"என்னக்கா, கேட்டியா? என்ன சொன்னாரு?"

"ஜன்னலோரம்னு சொன்னியே," என்றாள் அவள். "உன் நாத்தனாருக்கு வெயில் படும். ஒரு திரை போட்டுக் குடு."

மாஸ்டர் அண்டாவைத் தூக்கி மூணாம் அடுப்பில் வைத்தார். லைட்டரை அவள் பக்கம் நீட்டினார். இந்த முறை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. அவள் குனிந்து, வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள்.