செல்லக்கிளிக்குப் பிடிக்காத ஊர்

வாடிப்பட்டியில் திண்டுக்கல் போகிற பழைய சாலையில் செல்லக்கிளி மெஸ் நடத்துகிறாள். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறிக்குழம்பு. கணவன் முத்துப்பாண்டி கல்லாவில் உட்கார்ந்திருப்பான்; அடுப்பு அவளுடையது. லாரிக்காரர்கள் திண்டுக்கல்லில் பசித்தாலும் பொறுத்துக்கொண்டு இங்கே வந்துதான் சாப்பிடுவார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அது பெரும்பாலும் உண்மைதான். தன் கைச்சோறு தின்றவர்கள் வேறு கைக்குப் போக மாட்டார்கள் என்று உறுதியாக நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை உடைத்தது பிலிப்பைன்ஸில் இருக்கும் பினாலுகன் என்ற கடற்கரை ஊர்.

ஒரே மகள் திவ்யா அந்த நாட்டுக்கு டாக்டர் படிப்புப் படிக்கப் போயிருந்தாள். முதல் சில வருடங்கள் பெரிய நகரத்தில், தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிற விடுதியில் இருந்தாள். தினமும் போன் வரும். "சாம்பாரு வெறும் தண்ணியா இருக்கும்மா" என்று அழுவாள். மகள் அழுவது செல்லக்கிளிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சாம்பார் தண்ணியாக இருந்தது ஆறுதலாக இருந்தது.

கடைசி வருடம் பயிற்சிக்காகத் திவ்யாவைப் பினாலுகனுக்கு அனுப்பினார்கள். பெயருக்குத்தான் நகராட்சி, வாடிப்பட்டியில் பாதி கூட இராது. அங்கே சந்தையில் கருவாடு விற்கும் அராசேலி என்ற அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. அதன் பிறகு போன் குறைந்தது. அழுகை அறவே நின்றது.

ஒரு நாள் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் திவ்யா வீடியோவில் வந்தாள். கையில் ஒரு கிண்ணம்.

"என்னத்தா குடிக்கிற?"

"புளி போட்ட மீன் சாறும்மா. ரெண்டு நாளா காய்ச்சல். நானாய் வச்சுக் குடுத்தாங்க. குடிச்சதும் வேர்த்துக் கொட்டி எல்லாம் போயிருச்சு."

"யாரு வச்சுக் குடுத்தா?"

"நானாய். அராசேலி அம்மாதான். இங்கன அம்மாவ நானாய்னுதான் கூப்பிடுவாக."

போனை வைத்த செல்லக்கிளி கரண்டியோடு கல்லாப் பக்கம் போனாள். "நானாயா?" என்றாள் கணவனைப் பார்த்து. "நான் ஆயின்னு அவளே சொல்லிக்கிறாளா? பெத்தவ இங்கன இருக்கையில நான்தான் ஆயின்னு சொல்ல இவ யாருங்க?"

"அது அவுக பாசை" என்றான் முத்துப்பாண்டி.

"எந்தப் பாசையா இருந்தா என்ன? என் காதுல விழுகிறது தமிழாத்தான விழுகுது."

அவளை வேறொன்றும் உறுத்தியது. மீன் வாடையே ஆகாது என்று சின்ன வயதில் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிய பெண் திவ்யா. செல்லக்கிளி எத்தனை முறை விதவிதமாகக் குழம்பு வைத்துக் கெஞ்சியிருப்பாள்! இப்போது எவளோ வைத்த புளித்தண்ணி அமிர்தமாகிவிட்டது.

அதிலிருந்து அந்த ஊரைப் பற்றி நோண்டி நோண்டிக் கேட்கத் தொடங்கினாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டாள். திவ்யாவோ போனை நீட்டிப் பிடித்துத் தெருத்தெருவாகக் காட்டினாள். நடுவில் சதுக்கம், ஒரு பக்கம் மாதா கோயில், எதிரே நகராட்சி அலுவலகம், இரண்டுக்கும் இடையில் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம். அங்கேயே நெல் காயப்போட்டிருந்தார்கள். பைக்கின் பக்கவாட்டில் பெட்டி கட்டிய மாதிரி ஆட்டோக்கள். கடலோரம் நீளமாக ஒரு தடுப்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பக்கமும் மூங்கில் இறக்கை வைத்த படகுகள். வீட்டு வாசல்களில் காலில் கயிறு கட்டிய சண்டைச் சேவல்கள். எங்கே பார்த்தாலும் மேயர் கும்பிடு போடாத குறையாகச் சிரிக்கும் பிளக்ஸ்.

"இம்புட்டுத்தானா ஊரு?" என்பாள் செல்லக்கிளி. "நம்ம பொட்டுலுபட்டி பெருசா இருக்கும் போல."

ஆனால் போன் அணைந்ததும் அந்தச் சதுக்கம் மனசுக்குள் கிடந்து சுற்றும். தான் மிதிக்காத ஒரு மண்ணில் மகள் பழகிய கால்களோடு நடக்கிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டி, அந்தப் பக்கம் போன ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு வாரம் கழித்துத் திவ்யா ஒரு படம் அனுப்பினாள். வறுத்த மீன்மேல் சிவப்பாக எதுவோ தூவியிருந்தது. 'நானாய்க்கு உன் இட்லிப் பொடி ரொம்பப் பிடிச்சிருச்சு' என்று கீழே எழுதியிருந்தாள். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் கருத்தக்கண்ணன் படத்தை எட்டிப் பார்த்து, "நல்ல ஐடியாதானக்கா, நம்மளும் போட்டுப் பாப்பமா?" என்றான். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது தடவை ரசம் கிடைக்கவில்லை.

பட்டமளிப்புக்கு முத்துப்பாண்டி போவதாகத்தான் பேச்சு. செல்லக்கிளி, "நீங்க கடையப் பாருங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள். மதுரையைத் தாண்டி அவள் போன தூரம் பழனியும் திருச்செந்தூரும்தான். திவ்யாவோடு படித்த பிள்ளைகளின் பெற்றோரோடு சேர்ந்து சிங்கப்பூர் வழியாக மணிலா போய், அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறினாள். மேடையில் கறுப்பு அங்கியோடு நின்ற மகளைப் பார்த்தபோது கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் இறங்கி வந்த திவ்யா சொன்னாள்: "பினாலுகன்ல திருவிழாம்மா. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தி ஒரு வாரம் அங்கன இருந்துட்டுப் போவோம். நானாய் உன்னையக் கூட்டியாரச் சொல்லிருக்காங்க."

மலைப்பாதையில் வேன் இறங்கியபோது ஒரு வளைவில் கடல் தெரிந்தது. போனில் பார்த்ததை விட ஊர் அழகாக இருந்தது. அதுவே செல்லக்கிளிக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டு வாசலில் அராசேலி நின்றாள். குட்டையான, கறுத்த, பல் கொஞ்சம் எடுப்பான பெண்பிள்ளை. சோழவந்தான் சந்தையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திவ்யா ஓடிப்போய், குனிந்து, அந்த அம்மாளின் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அங்கே பெரியவர்களை வணங்குவது அப்படித்தான். செல்லக்கிளி பார்த்துக்கொண்டே நின்றாள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பத்துத் தடவை சொன்னால்தான் தன் காலில் விழுகிற பெண் இது.

அராசேலி அவளையும் கட்டிப்பிடித்தாள். கருவாட்டு வாடை அடித்தது. செல்லக்கிளி கைகளைத் தொங்கப்போட்டபடி நின்றாள்.

திருவிழா அன்று அந்த ஊரில் எல்லா வீடும் திறந்திருக்கும். தெரிந்தவர், தெரியாதவர் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சாப்பிடலாம். நம்மூர் மண்டகப்படி மாதிரி, ஆனால் வீட்டுக்கு வீடு. செல்லக்கிளி முதல் நாளே தீர்மானித்துவிட்டாள். வாடிப்பட்டியிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளையும் மசாலாவையும் எடுத்து, கோழி வாங்கி வரச் சொல்லி, கொல்லையில் தனி அடுப்பு மூட்டி ஒரு சட்டி நிறையச் சுக்கா வறுத்தாள். இந்த ஊர் இன்றைக்கு ஒரு கைமணத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்.

கூட்டம் வந்தது. மேசையின் ஒரு கோடியில் அவள் சட்டி, மறு கோடியில் அராசேலியின் மீன் சாறும் வறுத்த பன்றியும். சட்டைக் காலரில் பூ வைத்திருந்த ஒரு பெரியவர் சுக்காவை வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வர, சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தேடினார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். மீன் சாற்றுப் பானை இரண்டு முறை நிரம்பிக் காலியானது. அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அவர்கள் பாஷையிலேயே வாயாடியபடி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது திவ்யா.

செல்லக்கிளி சட்டியை மூடிவிட்டு வெளியே நடந்தாள். தெருவெல்லாம் பாட்டு, மைக்கைப் பிடித்து யார் யாரோ பாடினார்கள். கடல் சுவரில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திவ்யா தேடி வந்தாள்.

"என்னம்மா இங்கன வந்து உக்காந்துட்ட? எல்லாரும் உன்னையக் கேக்குறாங்க."

"எதுக்கு? எம்புட்டுக் காரம்னு திட்டவா?"

"பழக்கமில்லம்மா அவுகளுக்கு..."

"உனக்குப் பழக்கந்தான? என் சட்டிப் பக்கம் நீ வந்தியா? ஒரு துண்டு எடுத்துத் தின்னியா? அவ பானைக்குக் காவலு நிக்கிற. இங்கயே இரு. உன் நானாய்க்கே மகளா இருந்துக்க. நான் போறேன்."

திவ்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"ரெண்டாந்தடவை காய்ச்சல்ல கெடந்தப்ப உனக்குத்தான்மா மொதல்ல போன் பண்ணினேன். நீ அழுத. நான் உன்னையத் தேத்துனேன். நல்லாருக்கேன்னு பொய் சொல்லிட்டுப் போன வச்சேன். அப்புறம் கீழ போயி நானாய் மடியில படுத்து நான் அழுதேன். எனக்கும் அழ ஒரு எடம் வேணும்ல?"

செல்லக்கிளிக்கு மகள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் அதிகமாக எரிந்தது. எழுந்து வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தாள்; திவ்யா பின்னால் வந்தாள்.

மறுநாள் காலை அராசேலி கொல்லையில் பலகை போட்டு மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவளுடைய மகள் ரோவேனா வளைகுடா நாடு ஒன்றில் வீட்டு வேலை செய்கிறவள். ஊருக்கு வந்து வருடக் கணக்காகிறது என்று திவ்யா சொல்லியிருந்தாள். அராசேலி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் ரோவேனா. அவள் இடுப்பில் சுருட்டை முடியோடு ஒரு வெள்ளைக் குழந்தை, முதலாளி வீட்டுப் பிள்ளை. அது ரோவேனாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது. தாயும் மகளும் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அது வீறிட்டது. ரோவேனா அதைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டி, ஏதோ பாடி, பிறகு பேசுவதாகச் சைகை காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அராசேலி கத்தியை எடுத்து மறுபடி செதில் எடுத்தாள். செதில் நாலு பக்கமும் தெறித்தது. மீனின் தோலே கிழிந்தது. அந்த முகத்தைச் செல்லக்கிளிக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன சொல்றா?" என்று திவ்யாவைக் கேட்டாள். அராசேலி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திவ்யா தயங்கினாள். "அந்தப் பிள்ளையோட அம்மாவ நெனச்சா வயிறு எரியுதுங்குறாங்க. அந்தம்மா வேலைக்குப் போயிட்டு வரும்போது பிள்ளை தூங்கியிருக்குமாம், ஆனா அவ வீட்லதான தூங்குதுங்குறாங்க." பிறகு, "உன்னைய நெனச்சாலும் எரியுதாம். நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போகப்போற."

செல்லக்கிளிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம்தான் வந்தது. ஒரு வருடமாகத் தன்னை எரித்தவள் எரிகிறாள். தன்னைப் பார்த்தே எரிகிறாள். அந்தச் சந்தோஷம் அடுப்பில் பால் பொங்குகிற நேரம் கூட நிற்கவில்லை. அராசேலியின் தலை குனிந்திருந்தது. நரைத்த வகிட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. செல்லக்கிளி எழுந்து போய் அதை எடுத்துவிட்டாள். பிறகு இன்னொரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்தாள்.

அராசேலி அவள் கத்தி பிடித்த விதத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"வாலுலருந்து எடுக்கணுமாம்."

"எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றாள் செல்லக்கிளி.

கிளம்புகிற அன்று அராசேலி வேனுக்குப் பக்கத்தில் நின்று திவ்யாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திவ்யாவும் அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்தான். செல்லக்கிளி மகளின் முழங்கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். வேன் நகரும்போது திவ்யா மறுபடி இறங்கத் துடித்தாள். செல்லக்கிளி பிடியை விடவில்லை. பெரிய மனசு பண்ணி விட்டிருக்கலாம். விடத் தோன்றவில்லை.

திவ்யா ஊருக்கு வந்து, இங்கே தொழில் செய்வதற்கான தேர்வை முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை தேறினாள். இப்போது மேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பினாலுகனிலிருந்து போன் வரும். செல்லக்கிளிதான் முதலில் எடுப்பாள். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இவள் கறிக்குழம்புச் சட்டியைத் திறந்து காட்டுவாள். அவள் மீனைத் தூக்கிக் காட்டுவாள். பிறகு திவ்யா போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போது கீழே பாத்திரம் விழுகிற சத்தமும் கேட்கும். முத்துப்பாண்டி அதற்கெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. திவ்யாவே கூப்பிட்டபோது எடுத்தது ரோவேனா. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாளாம். பின்னால் அராசேலி அடுப்பு முன் நின்று, கையை ஆட்டிவிட்டு, மகளிடம் ஏதோ கேட்கத் திரும்பிக்கொண்டாள்.

திவ்யா போனை மேசையில் போட்டாள். "மக வந்ததும் என்னைய மறந்துட்டாங்க பாத்தியாம்மா? ரெண்டு வார்த்தை பேசல."

"அவ மகதான அவ?" என்றாள் செல்லக்கிளி.

"அதுக்கு?"

மகள் முகம் தொங்கியிருந்தது. செல்லக்கிளி தட்டை எடுத்து வைத்து, சுக்காவில் நல்ல துண்டுகளாகப் பார்த்துப் போட்டு அவள் முன்னால் தள்ளினாள்.

"தின்னு, ஆறிப்போகும்" என்றாள்.