ஏரியில் தகரம் தட்டியவர்

அரியலூர்ப் பக்கம் எங்கள் ஏரியில் அந்த வருடம் மீன் குத்தகை எடுத்திருந்தவர் அவர். பருத்த ஆள். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்ப்பார். கரையோரக் கருவேல மரங்களில் கொக்குகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. அவை மீனைத் தின்கின்றன என்று தினமும் உச்சிவெயிலில் எண்ணெய் டின்னைத் தட்டி விரட்டுவார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், படித்தது விலங்கியல். நேரே போய்ச் சொன்னேன்.

“காலையில தட்டுங்க, மத்தியானம் வேணாம். தாய் றெக்கையை விரிச்சு நிழல் குடுக்கலேன்னா குஞ்சு வெயில்ல வெந்து செத்துரும்.”

“உங்கப்பன் எங்கிட்ட பேசணும்னா தள்ளி நின்னு பேசுவான். நீ கிட்ட வந்து பாடம் நடத்துறியா? போ புள்ள, கொக்குக்கு நடத்து.”

“அதுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல.”

அவர் டின்னைத் தட்டினார். கொக்குகள் எழும்பிய வேகத்தில் ஒரு குஞ்சு எங்கள் காலடியில் விழுந்தது. அவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து, பக்கத்துச் செடிமேல் விரித்து, குஞ்சுக்கு நிழல் செய்தார். பிறகு வெறுந்தலையோடு நின்று முன்னைவிட ஓங்கித் தட்டினார்.

கூடுகளில் இருந்த குஞ்சுகள் அந்த வாரமே செத்துப்போயின. அவரை நான் மன்னிக்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் என்னவென்று எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.