அளவெடுத்த பிறகுதான் மாத்திரை

அவர் ஓர் ஆண் செவிலியர். ஆனால் அந்த மருத்துவ மையத்துக்கு வருகிறவர்கள் அவரை ‘டெய்லர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்காமல் யாருக்கும் எதையும் தரமாட்டார் என்பதால் வந்த பெயர்.

சாவிக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் இடது பக்கம் அவருடைய அறை. ஆண்களை விரும்பும் ஆண்கள், ஆண் பெண் இருவரையும் விரும்புகிறவர்கள் என்று பலரும் எச்.ஐ.வி. தங்களை அண்டாமலிருக்க வழி கேட்டு வருவார்கள். அச்சடித்த படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். அதை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, “உங்க ஒரு நாள் எப்படிப் போகுது, சொல்லுங்க” என்பார். அதுதான் அவர் எடுக்கும் அளவு. பேசி முடித்த பிறகுதான் படிவம் வெளியே வரும்.

இருபத்தாறு வயதில் அவரும் இப்படி ஒரு பரிசோதனைக்குப் போனவர்தான். எதிரே இருந்தவர் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், “எத்தனை பேருடன் உறவு?” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். நான்காவது கேள்வியிலேயே இவர் குடையைக்கூட எடுக்காமல் ஓட்டம் பிடித்தார். “அந்தக் குடையப் போய் எடுத்துட்டு வாயேன்” என்று, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய துணைவர் இன்றும் மழை வந்தால் சீண்டுவார்.

அப்பேர்ப்பட்ட டெய்லருக்கும் ஒரு முறை சறுக்கியது. கூட்டம் நெரிந்த ஒரு நாள். பேருந்து ஓட்டுநர் ஒருவர், தினமும் ஒன்று போடுகிற தடுப்பு மாத்திரையை வாங்கிக்கொண்டு, “வீட்ல அக்கா பாத்துட்டா?” என்று தயங்கினார். “வைட்டமின் டப்பாவுல போட்டு வைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார் இவர். அளவெடுக்காமல் கொடுத்த ரெடிமேட் சட்டை.

ஒரு மாத மாத்திரை. பத்தே நாளில் ஓட்டுநர் மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றார்.

“தீந்துபோச்சுண்ணே.”

“ஒரு நாளைக்கு ஒண்ணுதானே போடச் சொன்னேன்?”

“நான் ஒண்ணுதாண்ணே போட்டேன். அக்கா ஒண்ணு, அத்தான் ஒண்ணு. வீட்ல வைட்டமின்னு ஒண்ணு இருந்தா எல்லாருக்கும்தானே? நேத்துதான் கண்ணால பாத்தேன். அத்தானுக்கு முட்டிவலி போயே போச்சாம்.”

டெய்லர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். “முதல்ல அவங்க நிறுத்தணும். பத்து நாள்தான், பெருசா பயப்பட வேண்டாம். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பாத்தாகணும்.”

“அதுக்கு அக்காகிட்ட சொல்லணுமே! அதுக்குப் பதிலா நான் மாத்திரையையே விட்டுடறேண்ணே.” ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெல்டிங் வேலை செய்யும் ஒருவரோடு அவருக்கு ஆறு மாதப் பழக்கம். அதை விட மனமில்லை. பாதுகாப்பில்லாமல் தொடரவும் மனமில்லை. அக்காவை இழந்துவிடுவோமோ என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே.

“தப்பு என்னோடது. அவசரத்துல உங்க வீட்டைப் பத்தி நான் கேக்கவே இல்ல” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் டெய்லர். “இப்பக் கேக்கறேன். வீட்ல உங்க பொருள் எதை யாரும் தொட மாட்டாங்க?”

ஓட்டுநர் யோசித்தார். “அப்படி எதுவுமே இல்லண்ணே. என் பர்ஸையே அக்கா துவைச்சுப் போட்டிருக்கா.”

“அப்ப டப்பாவே வேண்டாம். ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு. வீட்டுக்கு எதுவும் கொண்டு போக வேண்டியதில்ல.”

“ஊசியா!” ஓட்டுநர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“நாப்பதடி பஸ்ஸை சந்துக்குள்ள திருப்பற ஆளு நீங்க.”

“பஸ்ஸு என்னைக் குத்தாதேண்ணே!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஊசியா மாத்திரையா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம், அக்காவிடம் எவ்வளவு சொல்வது என்பதும் அவர் விருப்பம்தான் என்றார் டெய்லர். பிறகு இல்லாத முந்தானையை இழுத்துச் செருகி, இடுப்பில் கை வைத்து, “டேய், எங்கடா என் வைட்டமினு?” என்று அக்காவாகவே மாறினார். மூன்று தடவை ஒத்திகை. மூன்றாவது தடவை ஓட்டுநர் திக்காமல் சொல்லிவிட்டார். சூடு ஆறுவதற்குள் அங்கிருந்தே போன் போட்டார்.

“அக்கா, அது வைட்டமின் இல்ல. எனக்கு ஒரு நோய் வராம இருக்க டாக்டர் குடுத்த மாத்திரை. நீங்க சாப்பிடக்கூடாது.”

அந்தப் பக்கம் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வராம இருக்கத்தானே? வந்துடலியே?”

“வரலக்கா.”

“அதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா? எங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

“ஆகாதாம். ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் பண்ணணும்.”

“எங்க வரணும்?”

ஓட்டுநர் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் போனைக் கைகாட்டினார். இது அவர் சொல்லிக்கொடுக்கக்கூடிய பதில் இல்லை.

“சாவிக் கடை மாடிக்கு. சனிக்கிழமை நானே கூட்டிட்டு வரேன்.”

“சரி. உங்க அத்தான்கிட்ட நீயே பேசிக்கோ. முட்டி சரியாயிடுச்சுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு அலையறார் மனுஷன்.”

போனை வைத்ததும் டெய்லர் மெல்லக் கேட்டார். “வாசல்ல எச்.ஐ.வி. தடுப்பு மையம்னு இவ்வளவு பெரிய போர்டு இருக்கே. அக்கா படிப்பாங்களே?”

“படிக்கட்டும்ணே. அந்த நோய் பேரை நான் சொன்னா திக்கித் திணறுவேன். போர்டு தெளிவாச் சொல்லிடும்.” ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துவிட்டார். “சரி, அடுத்த மருந்து தர்றதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு பரிசோதனை வேணும்ல, ரத்தம் எடுங்க. ஆனா பேசிக்கிட்டே எடுங்க.”

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்த பிறகே டெய்லர் படிவத்தை வெளியே எடுத்தார். முப்பத்திரண்டாவது கேள்விக்குக் கீழே பென்சிலால் இன்னொன்றைச் சேர்த்தார்: வீட்டில் டப்பாவை யார் யார் திறப்பார்கள்?