அப்பா ஊசி போடக் கற்றுக்கொள்ளாத பதினோரு நாட்கள்

இல்லை, படிப்பில்லாததால் அல்ல. பயமும் அல்ல. நடுக்கடலில் விசைப்படகின் இன்ஜினைப் பிரித்து மாட்டியவர் அப்பா.

போன மாதம், சர்க்கரையும் கால் புண்ணுமாக அவரைச் சேர்த்தோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பதினோரு நாள் போய்வந்தேன். இதே வழியில் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எண்ணூரில் காலை 6.20 ரயில். தண்டையார்பேட்டை வரை பதினோரு கிலோமீட்டர், ஐந்து ரூபாய், அரைமணிக்குள். சரக்கு ரயிலுக்கு வழிவிட நிறுத்தினால் கணக்கு வேறு. பிறகு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"ஆஸ்பத்திரிக்கா? உள்ள போயி எதுவும் கேக்காத கண்ணு, கேட்டா பேஜாரு," என்றார் ஆட்டோ டிரைவர். நல்ல ஆலோசனை என்றே நினைத்தேன்.

அப்பா கேட்டார். முதல் நாளே. "இது இன்னா மருந்து சிஸ்டர்? எவ்ளோ ஏத்துறீங்கோ?"

நாற்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ். அதில் ஒருவர் சொன்னார்: "நீ இன்னா டாக்டரா? கையக் காட்டு நைனா."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். நான் அப்பாவின் தோளை அழுத்தினேன். "சும்மா இருப்பா."

மூன்றாம் நாள் கட்டு நனைந்திருந்தது. அவரே அவிழ்த்துப் பார்த்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி அந்த நர்ஸ் திட்டினார். அதன்பின் ஊசி போட வந்தால் அப்பா கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தண்ணீர் குடிக்கலாமா என்பதைக்கூட என்னிடம் கேட்டார்.

பதினோராம் நாள், பகல் 11.40. டிஸ்சார்ஜ் தாளோடு அதே நர்ஸ். குரலில் கனிவு.

"இனிமே வூட்ல நீங்களேதான் இன்சுலின் போட்டுக்கணும். விட்டீங்கன்னா காலு போயிடும். இப்ப ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க."

அப்பா ஊசியை வாங்கவில்லை. "என்னாண்ட ஏம்மா சொல்ற? பொண்ணு நிக்குது பாரு, அதாண்ட சொல்லு."

தாளில் ஒரு வரி எழுதினார் நர்ஸ். எட்டிப் பார்த்தேன். 'ஒத்துழைக்க விருப்பமில்லை.'

விருப்பம் இருந்தது. முதல் நாள் காலை ஏழேகாலுக்கு இருந்தது. அதை அணைத்ததில் நர்ஸுக்கு ஒரு பங்கு. அவருக்காவது நாற்பது படுக்கை என்ற காரணம் இருந்தது. எனக்கு வெறும் கூச்சம்.

போகிறவர்களுக்கு: காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் எதுவும் கேட்காதீர்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குள் நர்ஸ்கள் சற்று உட்கார்வார்கள். அப்போது நோயாளியே கேட்கட்டும். அவர் கேட்கும்போது தோளில் கை வைக்காதீர்கள்.

ஊசியை நான் வாங்கினேன். தொப்புளுக்கு மூன்று விரல் தள்ளி, நர்ஸ் காட்டியபடி, அப்பாவின் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டேன்.