மைமூனக்காவின் பெயர்

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பழைய கறுப்புக் கோட்டிலிருந்து பூஞ்சை வாசம் அடித்தது. கோலாலம்பூர் வெயிலில் எத்தனை முறை காயப்போட்டாலும் போகாத வாசம். மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊரின் ஈரம் அது. கோட்டைத் தூக்கிப் போட்டால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனாலும் எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

என் வக்கீல் தொழில் அங்கேதான் தொடங்கியது. ஈப்போவில் இருந்த என் முதலாளி, மலைமேல் ஒரு கிளை வேண்டுமென்று மளிகைக் கடை மாடியில் ஓர் அறை பிடித்து என்னை உட்கார வைத்தார். அறிவுசார் சொத்துரிமை என்றால் புது இயந்திரம், புது மருந்து என்று படிக்கும்போது நான் கனவு கண்டிருந்தேன். வந்த முதல் வழக்கு, கியா பார்ம் சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவருடையது. ஒருவர் பலகையில் இருந்த ஸ்ட்ராபெரிப் படத்தை மற்றவர் திருடிவிட்டாராம். இரண்டு படங்களிலும் பழம் தக்காளி போலத்தான் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவருக்கும் சட்டம் விளக்கினேன். மற்றபடி காய்கறி லோரிக் கூட்டுத்தொழில், கடை வாடகை ஒப்பந்தம் என்று காலம் போனது.

குளிரில் விரல் மரத்துப்போகும்போது கீழே இறங்கி மைமூனக்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். கணவர் காலமான பிறகு அக்கா தனியாக நடத்திய கடை. இஞ்சி, ஏலம், இன்னும் எதையோ சேர்த்து இடித்த தேத்தூளைச் சிறு பொட்டலங்களாகவும் விற்றார். பொட்டலத்தின்மேல் முக்காடு போட்ட அக்காவின் முகம், கீழே மைமூன் என்ற பெயர். தேயிலைக்கு நடுவில் வாழ்கிற எஸ்டேட் ஜனங்களே காசு கொடுத்து அதை வாங்கினார்கள் என்றால் அதன் ருசியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைக்குத்தான் பிரேம் வந்தான். தலைநகரத்து உணவு நிறுவனம் ஒன்றின் ஆள். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அடிக்கடி வந்து தேத்தண்ணி குடிப்பான். அக்காவுக்குப் பழக்கூடை கொண்டுவருவான். சுவரில் பெரிதாக எழுதியிருந்த பெயரைப் போகும்போதும் வரும்போதும் படம் எடுத்துக்கொள்வான். ஒருநாள் நான் பக்கத்து மேசையில் இருக்கும்போது கேட்டான்.

"அக்கா, இந்தப் பேர எங்கயும் பதிஞ்சு வைக்கலதானே?"

"எம் பேர நான் எதுக்குப் பதியணும்? வாப்பா வச்ச பேரு லா."

அவன் சிரித்தான். அவன் போகும்வரை காத்திருந்தேன். எழுந்துபோய் அக்காவிடம், "நாளைக்கே மனு போடுறேன்க்கா" என்றேன். "உனக்கு வேல இல்லன்னா போடு தங்கச்சி" என்றார்.

பேருந்து ஏறித் தலைநகரம் போய் வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடினேன். இப்போது கைபேசியில் ஒரு நொடியில் முடியும் வேலை. மைமூன் என்ற பெயருக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் இருந்தது. அதே எழுத்து, அதே முக்காடு, அதே முகம். விண்ணப்பித்தது பிரேமின் நிறுவனம். அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எவ்வளவோ முன்பே. பதில் தெரிந்துகொண்டுதான் அவன் கேட்டிருக்கிறான். திரும்பும் வழியெல்லாம் வளைவுக்கு வளைவு பனி கூடிக்கொண்டே வந்தது. எனக்கு முன்னால் யாரோ மலையேறிப் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது.

ஆட்சேபம் தெரிவித்தோம். பதியாத பெயரானாலும் முதலில் பயன்படுத்தியவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். ஊரே சாட்சி என்று நினைத்தேன். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற வேலு ஐயா, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பொட்டலம் வாங்கிப் போனவர். "எப்பக் கூப்பிட்டாலும் வந்து கையெழுத்துப் போடுறேன்மா" என்றவர், வாக்குமூலத்தோடு போனபோது கதவைப் பாதிதான் திறந்தார்.

"சரியா ஞாபகம் இல்லம்மா. வயசாயிருச்சு பாரு."

"போன வாரம் சொன்னீங்களேய்யா."

"சொன்னேனா? அதுவும் ஞாபகம் இல்ல."

வாசலில் நின்ற புது லோரியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவர் மகன் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் பொட்டலத் தாள் அச்சடித்துத் தந்தவரும் தலையைச் சொறிந்தார். மளிகைக் கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். யாரையும் யாரும் மிரட்டியதாகத் தெரியவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும். பிரேம் எல்லார் வீட்டுக்கும் போயிருந்தான், அவ்வளவுதான். அவன் போன வீடுகளில் எல்லாம் மறதி வந்திருந்தது.

பிறகு ஒரு காலையில் அக்கா கடையில் பெயர் எழுதியிருந்த வெளிச்சுவர் வெள்ளையாக இருந்தது. கட்டட முதலாளி, "மழைக்கறை லா, அசிங்கமா இருந்துச்சு" என்றார். நான் எடுத்து வைத்திருந்த சுவர்ப் படத்தை ஆதாரமாகக் கொடுத்தேன். அதில் தேதி இல்லை என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். மைமூன் என்று நாட்டில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். தோற்றோம்.

அந்தப் பெயரை இனி எங்கும் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனம் எழுதியது. சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துகிறவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. அதை வைத்து மேல்முறையீடு போகலாம், வேலு ஐயாவை மறுபடி பார்க்கிறேன் என்று படபடத்தேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"வேணாம் தங்கச்சி. நீ போயி யார் வாசல்ல நின்னாலும் அவங்க மூஞ்சி சுருங்குது. அவங்க எல்லாம் எங்கையால சாப்பிட்டவங்க. இன்னொரு தடவ பொய் சொல்ல வைக்க வேணாம்."

அன்றே பலகையைக் கழற்றி வைத்தார். பெயரில்லாத வெள்ளைத் தாளில் கொஞ்ச நாள் தூள் விற்றார். வாங்க வந்தவர்கள் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கையால் சைகை காட்டினார்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் கட்டட முதலாளி அதைப் புதுப்பிக்கவில்லை.

கடையைக் காலி செய்த வாரம், முழங்கால் வலிக்கு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மருந்து கொடுக்குமிடத்தில் "மைமூன்" என்று கூப்பிட்டார்கள். அக்கா அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து வரப்போகிறார்கள் என்பதுபோல அக்காவும் திரும்பிப் பார்த்தார். நான் தோளைத் தொட்டேன்.

"என்னையா?" என்றார். பிறகு மெதுவாக, "எம் பேருன்னு சட்டுனு தோணல தங்கச்சி."

இத்தனை ஆண்டுத் தொழிலில் எத்தனையோ பெயர்களைப் பதிந்திருக்கிறேன், எத்தனையோ பெயர்களுக்காக வாதாடியிருக்கிறேன். அந்தக் குரலைப்போல எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

அக்கா பினாங்கில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அங்கேயே காலமானார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். வேலு ஐயாவும் இல்லை. அந்தத் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் லயத்தை விட்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். நிறுவனம் சில காலம் எசன்ஸ் வாசத்தோடு ஒரு தூளை விற்றது. பொட்டலத்து முகத்தில் வயதைக் குறைத்தது, பிறகு முக்காட்டை எடுத்தது, பிறகு விற்பதையே நிறுத்திவிட்டது. பெயரை மட்டும் விடவில்லை. தவணை வரும்போதெல்லாம் பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பெயரை நீக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர் மனுப் போடச் சட்டத்தில் வழி உண்டு. மனுவை எழுத நான் இருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட இனி யாரும் இல்லை.