ஓட்டை இல்லாத மெஷின்

ரங்கூன் பபேடானில் எனக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எடுப்பேன். படிப்பு நாலாம் வகுப்பு. கம்ப்யூட்டர் தட்டித் தட்டிப் பழகியது. ஒரே கம்பெனி மெஷின்தான் வைத்திருந்தேன். வேறு தெரியாது.

அந்தக் கம்பெனிக்கு ஒரு குணம். மாடலுக்கு மாடல் எதையாவது பிடுங்குவான். முதலில் பிளாப்பியை எடுத்தான். போகட்டும். பிறகு போன் ஒயர் செருகும் ஓட்டையை எடுத்தான். அதுவும் போகட்டும், ரங்கூனில் போன் எத்தனை பேர் வீட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது குறையும். விலை மட்டும் குறையாது.

பெரும் புயல் வந்ததற்கு அடுத்த வருஷம் புது மாடல் வாங்கினேன். சிங்கப்பூர் போய் வரும் பாய் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். தடியான பழைய மெஷினை ஊருக்கு வெளியே மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு அண்ணனுக்கு விற்றுவிட்டேன். அவர் மகள் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் மூத்த மகள் கல்யாணம். எடுத்து முடித்து வந்து காமிரா ஒயரைக் கையில் பிடித்தேன். டேப்பில் இருப்பது மெஷினுக்குள் போக அந்த ஒயர்தான் வழி. செருக இடம் இல்லை.

பாயிடம் போனேன்.

"பாய், காமிரா ஒயர எங்க செருகுறது?"

"பக்கத்துல பாருங்க."

"ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. கவுத்துப் போட்டும் பாத்தாச்சு."

"அப்ப கம்பெனிக்காரன் எடுத்துட்டான் போல. இனிமே ஒயரே வேணாமாம். எல்லாம் காத்துல வருமாம்."

"ரங்கூன்ல கரண்டே ஒயர்ல வரல. இது காத்துல வருமா?"

அவர் வெற்றிலை மென்றார்.

மறுநாள் முதலாளி கடைக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ள ஞாயித்துக்கிழம மலேசியா திரும்புறாரு. சிடி அவரு கையில இருக்கணும். இல்லன்னா அடுத்த மாசம் சின்னவ கல்யாணத்துக்கு நீ காமிராவத் தூக்கிட்டு வராத. வெறுங்கையோட வா. சாப்பிட்டுப் போ."

பக்கத்துத் தெரு வீடியோக்காரனிடம் மெஷின் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊர் முழுக்கச் சொல்வான். சின்னவள் கல்யாணம் அவனுக்குப் போகும். அது போனால் பின்னாலேயே மற்றதும் போகும்.

புது மெஷினையும் காமிராவையும் மடியில் வைத்துக்கொண்டு மாவ்பி பஸ் ஏறினேன். புதியதைக் கொடுத்து, ஓட்டை உள்ள பழையதை வாங்கிவிடலாம் என்று நினைப்பு.

அண்ணன் மகள் புதியதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மாமா, இதுல ஒண்ணுமே செருக முடியாதே."

"மெல்லிசா இருக்குல்ல?"

"அப்பளம்கூடத்தான் மெல்லிசா இருக்கு."

அண்ணன் சிரித்தார். "புள்ள வேணாங்குது. உனக்கு வேணும்னா இங்கயே உக்காந்து பழசுல வேலையப் பாரு. கோழிக்குஞ்சுக்கு லைட் போட ஜெனரேட்டர் ஓடுது. அதுல கரண்ட இழுத்துக்க."

உட்கார்ந்தேன். ஒரு பக்கம் குஞ்சுகள் கத்தின. பின்னால் அண்ணன், அவர் மனைவி, மகள் மூவரும் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பந்தியை நான் எப்போதும் வெட்டிவிடுவேன். வாயைத் திறந்து தின்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. வெட்டப் போனேன்.

"அமலே, அம்மாடியோ! அத ஏன் வெட்டுற?" என்றார் அண்ணன் மனைவி. "இப்பத்தான் வட வருது."

"அக்கா, இதெல்லாம் வைக்க மாட்டாங்க."

"மேடையில நின்னு முழிக்கிறத வச்சிருக்க. அத வெட்டு. ஆளாளுக்கு ஒரே மாதிரிதான் நிக்கிறான்."

அப்போது நான் அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். என்ன பேச முடியும்? மேடையை வெட்டினேன். பந்தி முழுசாக இருந்தது. பாயசம் வரைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டில் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும்வரை எல்லாரும் சந்தோஷமாகப் பார்த்தார்கள். மேடை சட்டென்று முடிந்தது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பந்தி தொடங்கியது. முடியவே இல்லை.

"கல்யாணத்த எடுக்கச் சொன்னா ஓட்டலப் படம் புடிச்சிருக்க" என்றார்.

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

அப்போது அவர் மனைவி கத்தினார். "நிறுத்து, நிறுத்து! அது உங்க மச்சான்தான?"

முதலாளியின் அக்கா புருஷன். தன்னை யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லை, பட்டினியாக வீடு திரும்பினேன் என்று நாலு தெருவில் சொல்லியிருந்தாராம். அதிலிருந்து அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. முதலாளி இரண்டு தடவை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

டிவியில் மச்சான் வடை கேட்டு வாங்கினார். மறுசோறு வாங்கினார். பாயசத்தை இலையில் ஊற்றி வழித்தார்.

"திரும்பப் போடு" என்றார் முதலாளி.

திரும்பப் போட்டேன். பிறகு அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். அக்கா வந்து பார்த்தார். பாயசம் முடிந்ததும், "வீட்டுக்கு வந்தும் தின்னாரு" என்றார். அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சிடியோடு போனார். சின்னவள் கல்யாணமும் எனக்கே வந்தது. முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "மேட எப்படியோ போகட்டும். பந்தியில ஒரு எல விடக் கூடாது."

விடவில்லை. மச்சான் மட்டும் காமிராவுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டார்.

கொஞ்ச காலம் கழித்துப் பாய் ஓடி வந்தார். கம்பெனிக்காரன் அடுத்த மாடலில் ஓட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

"வேற எதையும் எடுத்தானா?"

"பேட்டரியக் கழட்ட முடியாது. உள்ளயே வச்சு மூடிட்டான்."

கரண்ட் போனால் மாற்றிப் போட நான் கூடுதலாக ஒரு பேட்டரி வைத்திருப்பேன். ரங்கூனில் அது இல்லாமல் தொழில் நடக்காது.

"நீங்களே வச்சுக்குங்க பாய்" என்றேன்.

கல்யாணம் எடுத்தால் மாவ்பிக்கே போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டில் பந்தி பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்காரப் பாயைச் சுருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.