எட்டாம் நம்பர் நூல்

ஒரு நூல்கண்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம்? கடையில் கூட்டம் இருந்தால் பத்து? போன வாரம் எனக்கு மூன்று நாள் ஆனது. அப்படியும், ஆசை ஆசையாக வாங்கிவந்த ஏழு நூலும் தோற்றுப்போயின.

புதன்கிழமை காலை தங்கை ரெஜினா போன் செய்தாள். பினாங்கில், டத்தோ கிராமாட்டில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் அவள் வீடு. எதுவானாலும் நேரில் வந்து வாசலில் நின்று கத்துகிற ரகம். அவள் போன் செய்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அக்கா, போர்வை கிழிஞ்சிருச்சு."

"எந்தப் போர்வை?"

"எந்தப் போர்வைன்னு கேக்குறீங்களே. ஷெரின் போர்வை லா."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

ஷெரின், ரெஜினாவின் மகள். பதினொரு வயது. பேசமாட்டாள், தொட்டால் பிடிக்காது, யார் கையையும் பிடிக்கமாட்டாள். ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு நான் ஓர் ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்தேன். மிச்சம் மீதி பாத்திக் துணித் துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் பஞ்சு, அதற்கும் அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து மெஷினில் அலை அலையாக ஓட்டிய தையல். மலாய்க்காரர்கள் 'பெர்ச்சா' என்று சொல்வார்களே, அதுதான்.

அந்தப் போர்வை மடியில் இல்லாமல் அவள் காரில் ஏறமாட்டாள். ஏறி உட்கார்ந்ததும் அவளுடைய ஆள்காட்டி விரல் அந்த அலைத் தையலின் மேல் போக ஆரம்பிக்கும். கார் நிற்கும்வரை நிற்காது. ஒரு தடவை போர்வை துவைத்துக் காயாமல் இருந்தது. அன்று காரின் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அழுதாள். குரல் போன பிறகும் அழுதாள்.

சனிக்கிழமை அவர்கள் பத்து காவானுக்கு வீடு மாறுகிறார்கள். பாலம் தாண்டிப் போக வேண்டும். திங்கள்கிழமை புதுப் பள்ளிக்கூடம். போர்வை இல்லாவிட்டால் ஷெரினை எப்படிக் கொண்டுபோவது? ரெஜினா அதைக் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குக் கேட்டது.

போய்ப் பார்த்தேன். சதுரத்தையும் சதுரத்தையும் சேர்த்த இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஷெரின் உள்ளே விரலை விட்டுப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். நூல் ஓரிடத்தில்கூட அறவில்லை. துணிதான் ஊசி போன ஓட்டை வழியாக, ஸ்டாம்பு கிழிகிற மாதிரி வரிசையாகக் கிழிந்திருந்தது.

அந்த நூலை வாங்கியது யார்? சாட்சாத் நான்தான்.

நம் வீடுகளில் நூல் வாங்கும் முறை உங்களுக்குத் தெரியும். ஒரு சாண் உருவி, இரண்டு கையிலும் சுற்றி, வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். அறுந்தால் மட்டம். விரலை வெட்டினால் உசத்தி. மாப்பிள்ளை பார்ப்பதுகூட ஏறக்குறைய இந்த முறையில்தான் — எவ்வளவு முறுக்கு, எவ்வளவு விறைப்பு... குழந்தை இழுத்தாலும் அறக்கூடாது என்று, பள்ளிக்கூடப் பை தைக்கிற நைலான் நூலைத் தேடிப் பிடித்து, போர்வை முழுவதையும் அதிலேயே தைத்திருந்தேன். பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன் — துணி போனாலும் நூல் போகாது என்று. சொன்னபடியே நடந்துவிட்டது.

வியாழக்கிழமை ஷெரின் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், போர்வையோடு பாசார் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் தையல் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீன ஆன்ட்டி கிழிசலைத் தடவிப் பார்த்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: "பியார் பெனாங் புத்துஸ், ஜாங்ஙான் காயின் கோயாக்."

நூல் அறுந்தால் அறட்டும், துணி கிழியக்கூடாது. அறுந்த நூலைத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். கிழிந்த துணியை என்ன செய்வாய்? இத்தனை வருடம் மெஷின் மிதித்தவளுக்கு இது தெரியவில்லை. கடையில் நின்றபடியே வெட்கமாக இருந்தது.

ஏழு வகை நூலை எடுத்துப் போட்டார். எல்லாம் பழைய நூலின் அதே கடல் நீலம். மெல்லிசுப் பருத்தி, அதைவிட மெல்லிசு, கொஞ்சம் தடிப்பு, மினுமினுப்பது, மினுங்காதது... ஒவ்வொன்றிலும் ஓர் இழையை உருவித் துணிமேல் போட்டுக் காட்டினார். கண்டில் பார்க்கும் நிறம் வேறு, இழையாகக் கிடக்கும்போது நிறம் வேறு. அதுவும் எனக்குப் புதுப் பாடம்.

வீட்டில் ஒரு துண்டுத் துணியில் ஏழு நூலிலும் ஏழு அலை ஓட்டினேன். பழைய நைலான் பிஸ்கட் டின்னின் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அதில் எட்டாவதாக ஓர் அலை. சாயங்காலம் துணியை ஷெரின் முன்னால் வைத்தேன்.

விரல் முதல் வரிக்குப் போனது. பாதி வழியில் எடுத்துவிட்டாள். இரண்டாவது, அதுவும் பாதி. மூன்றாவதை லேசாகத் தொட்டதோடு சரி. நான்காவதில் கொஞ்சம் தயங்கி, அதையும் விட்டாள். ஐந்து, ஆறு, ஏழு... எட்டாவது வரியில் விரல் கடைசிவரை போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. தொண்டைக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று அவளுடைய அந்தச் சின்ன முனகல் வந்தது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

"கலர பாத்துட்டா கா," என்றாள் ரெஜினா.

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். துணியைத் தலைகீழாகத் திருப்பி, மேலே ஒரு துவாலையைப் போட்டு மூடினேன். ஷெரின் கையை உள்ளே விட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். துவாலைக்கு அடியில் கை நகர்ந்தது, நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது. "ம்ம்ம்."

துவாலையைத் தூக்கினேன். எட்டு.

நான் நாற்பது வருடமாகத் தைக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு அந்த எட்டு வரியையும் தடவிப் பார்த்தேன். தடிப்பு, மெல்லிசு என்று இரண்டு ரகம்தான் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு எட்டும் எட்டாகத் தெரிகிறது. பேசவில்லை, பேசவில்லை என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் விரல் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, வியந்தாயிற்று. வேலைக்கு என்ன வழி? அவளுக்குப் பிடித்த நூல் துணியைக் கிழிக்கும். துணியைக் கிழிக்காத நூல் அவளுக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை கெம்போங் மீனை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் மண்டையில் தட்டியது. அட, போர்வையில் தையல் ஒன்றா? இரண்டாயிற்றே. சதுரங்களை இணைக்கிற தையல் உள்ளே ஒளிந்து கிடக்கிறது; இழுபடுவது அது, கிழிந்ததும் அங்கேதான். அவள் விரல் அங்கே போவதே இல்லை. விரல் போவது மேலே ஓட்டிய அலைத் தையலில். அது மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிப்பதால் இழுப்பு அவ்வளவாக இல்லை. இரண்டுக்கும் ஒரே நூல் என்று யார் சொன்னது?

மீனை அப்படியே வைத்துவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். ரெஜினா ஷெரினை நடந்தே பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளிக்கு நடந்துதான் போகிறாள், அதற்குப் போர்வை வேண்டாம்; மறுநாள் கார் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

கிழிந்த பக்கத்து அலைகளைப் பிரித்தேன். இணைப்புகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, இருப்பதிலேயே மெல்லிசான பருத்தி நூலில் தைத்தேன். தைக்கத் தைக்கப் பயம். இவ்வளவு நோஞ்சான் நூலை நம்பி இவ்வளவு பெரிய காரியமா? பிறகு பெரிய ஊசியை மாட்டி, மேலே பழைய நைலானில் பழையபடி அலை.

கடைசி மூலையில், நாலு அங்குலம் பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்துபோனது. கடைகளில் இப்போது அது இல்லை. ஷெரின் கொஞ்சம் தயங்கினாளே, அந்த நான்காம் நம்பர் நூலை மாட்டி முடித்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், போடாமல் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. வாங்கிப் பார்த்த ரெஜினாவின் கண்ணிலும் படவில்லை; நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், ரெஜினாவின் கணவர் லாரியோடு முன்னால் போய்விட்டார். வீடு காலி. காரின் கதவைத் திறந்துவைத்துவிட்டு ரெஜினா நின்றாள். நான் போர்வையை நீட்டினேன்.

ஷெரின் வாங்கினாள். ஏறவில்லை. நின்றபடியே விரலை ஓட்ட ஆரம்பித்தாள். ஓர் அலை... அடுத்தது... கிழிந்த இடம் தாண்டியது, நிற்கவில்லை. ரெஜினா மூச்சை விட்டாள். விரல் மூலைக்குப் போனது.

நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போய், அதே இடத்தில் நின்றது.

"என்னக்கா பண்ணிங்க அங்க?" ரெஜினா குனிந்து மூலையைப் பார்த்தாள்.

"நூல் தீந்துருச்சுடி. நாலே நாலு அங்குலம்."

ஷெரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். யார் கையையும் பிடிக்காத பெண், என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். பழைய நூலிலிருந்து புது நூலுக்கு. போய்விட்டு, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"ஆமாடா கண்ணு. அங்க வேற நூல். பெரியம்மாதான் மாத்திட்டேன்."

விரலை விட்டாள். காரில் ஏறினாள். பெல்ட்டை அவளே போட்டுக்கொண்டாள். கார் நகரும்போது "ம்ம்ம்" என்ற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், ஷெரினிடம் சொல்லிவிடாதீர்கள் — அந்த இடத்தில் என் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை.